மூக்குக்குப் பக்கத்தில் பஞ்சு வேண்டாம்

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு தோல் கிளினிக்கில் 11 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். எங்களிடம் வருவதெல்லாம் பெரும்பாலும் சின்னச் சின்ன அழகு சிகிச்சைகள்தான். மரு எடுப்பது, கன்னத்திலும் கழுத்திலும் வரும் கருப்புப் புள்ளிகளைச் சுட்டு எடுப்பது, பருத் தழும்புக்கு ஊசி வேலை, லேசரில் முடி நீக்குவது, கம்மல் கனத்தில் அறுந்துபோன காதைத் தைப்பது. அரை மணி, முக்கால் மணியில் முடிந்துவிடும். வந்தவர் தானே எழுந்து நடந்து போய் காட்பாடிக்கோ ஆற்காட்டுக்கோ பஸ் ஏறிவிடுவார்.

சின்ன வேலை என்பது எங்களுக்குத்தான். படுத்திருப்பவருக்கு அப்படி இல்லை. உயிருக்கு ஆபத்து என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு ஆபரேஷனுக்கே படுத்துவிடுவார்கள். அழகுக்காக வந்து படுக்கும்போது வேறு மாதிரி. ‘இது நமக்குத் தேவையா, வீட்டில் திட்டினார்களே, முகம் கோணிப் போனால் என்ன செய்வது’ என்று ஒரு குற்ற உணர்ச்சி பயத்தோடு சேர்ந்துகொள்கிறது. முகூர்த்த மாதங்களுக்கு முன்னால் கல்யாணப் பெண்களும் அவர்களுடைய அம்மாக்களும் வரிசையாக வருவார்கள். கை சில்லென்று இருக்கும், உள்ளங்கை வேர்த்திருக்கும், வாய் மட்டும் “எனக்கு ஒண்ணும் பயமில்ல சிஸ்டர்” என்று சொல்லும்.

அவர்களை எப்படி அமைதிப்படுத்துவது என்று யோசித்துத்தான் வாசனைச் சிகிச்சை (அரோமாதெரபி) பக்கம் போனேன். அதில் நான் செய்த தவறுகளையும், அவற்றிலிருந்து கற்றுக்கொண்டதையும் எழுதுகிறேன். கிளினிக்கிலோ பியூட்டி பார்லரிலோ இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு உதவும்.

முதலில் எங்கள் அறையில் ஏற்கெனவே என்ன வாசனை இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். மரு சுடும் கருவி தோலைத் தொட்டதும் ஒரு கரிந்த வாடை வரும். லேசரில் முடி நீக்கும்போது முடி பொசுங்கும் வாடை. மரத்துப்போகும் மருந்து போட்டிருப்பதால் வலி தெரியாது. ஆனால் தன் உடம்பு கருகுவது தனக்கே மூக்கில் ஏறும்போது யாராக இருந்தாலும் உடம்பு விறைத்துக்கொள்ளும். முகத்தில் லேசர் என்றால் கண்ணுக்கு மூடி போட்டுவிடுவோம். கண் மூடிய ஆளுக்குக் காதும் மூக்கும்தான் மிச்சம். அந்த நேரத்தில் மூக்கு இரண்டு மடங்கு வேலை செய்கிறது என்றே எனக்குத் தோன்றும்.

இதற்கு உடம்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது. பார்ப்பது, கேட்பது, தொடுவது எல்லாம் தலாமஸ் என்ற சந்திப்பைக் கடந்துதான் மூளையின் மேல்பகுதிக்குப் போகும். வாசனைக்கு அந்த நிறுத்தம் கிடையாது. பயத்தையும் ஞாபகத்தையும் கவனிக்கும் பகுதிகளுக்கு அது நேராகவே போய்விடுகிறது. அதனால்தான் ஒரு வாடை வந்தவுடன், அது என்னவென்று பெயர் சொல்லும் முன்பே மனசு கலங்கிவிடுகிறது.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரிகளின் ஊர். 1900-இல் ஐடா ஸ்கட்டர் என்ற அமெரிக்க டாக்டர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியது இன்றைக்கு சி.எம்.சி. என்ற பெரிய ஆஸ்பத்திரியாக நிற்கிறது. அதைச் சுற்றியே பாதி ஊர் வளர்ந்தது. வங்காளத்தில் இருந்தும் வடகிழக்கில் இருந்தும் வந்து மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்குகிறார்கள். சுற்று வட்டாரத்தில் ஏதாவது ஒரு ஆஸ்பத்திரி வார்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ துணையாகப் படுத்துக் கிடக்காத ஆள் இங்கே குறைவு. பினாயில், டெட்டால், ஸ்பிரிட் வாடை அடித்தால் அந்த ராத்திரிகள்தான் அவர்களுக்கு ஞாபகம் வரும். நாம் தனியாக ஒரு வாசனையையும் வைக்காவிட்டாலும் அறைக்குள் ஒரு வாசனை தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

சரி, நான் செய்ததைச் சொல்கிறேன். ஐந்தாறு வருடம் முன்பு எங்கள் டாக்டர் மேடமிடம் அனுமதி வாங்கி, தண்ணீரில் எண்ணெய் விட்டுப் புகை மாதிரி பரப்பும் கருவி ஒன்றை வாங்கினேன். கூடவே லாவெண்டர் எண்ணெய். எங்கே படித்தாலும் முதல் பெயர் லாவெண்டர்தான். லினலூல், லினலைல் அசிட்டேட் என்ற இரண்டு பொருள்கள் அதில் அதிகம், அவை அமைதி தரும் என்பார்கள். ‘அரோமாதெரபி’ என்ற பெயரையே 1937-இல் தன் புத்தகத்துக்குத் தலைப்பாக வைத்த கேட்ஃபோஸே என்ற பிரெஞ்சு வேதியியலாளர், கையில் தீப்புண் பட்டபோது லாவெண்டரைப் பயன்படுத்திய கதையும் எல்லா இடத்திலும் வரும். படித்துவிட்டு நான் மிகவும் நம்பினேன்.

மே மாத வேலூர் வெயில் தெரியும்தானே. ஏ.சி. போட்டு எல்லாவற்றையும் அடைத்துத்தான் வைப்போம். அடைத்த அறையில் காலை முதல் மாலை வரை லாவெண்டர் பரவியது. முதல் வாரம் நன்றாகத்தான் போனது. இரண்டாவது வாரம் ரிசப்ஷனில் இருந்த பெண்ணுக்கு மதியத்துக்கு மேல் தினமும் தலைவலி. காற்று ரிசப்ஷன் பக்கம் போய்ச் சேர்வதை நான் யோசிக்கவே இல்லை.

மூன்றாவது வாரம் நடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் உதட்டுக்கு மேல் முடி நீக்க வந்தாள். படுத்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, இருமல் ஆரம்பித்தது. பதற்றம் என்று நினைத்து, “மெதுவா மூச்சு இழும்மா” என்று நான் சொன்னேன். அவள் இழுத்தது அந்த லாவெண்டர் காற்றைத்தான். இருமல் இறுகி, மூச்சில் விசில் சத்தம் கேட்டது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வீசிங். மேடம் ஓடி வந்து, உட்கார வைத்து, ஜன்னலைத் திறந்து, மூச்சுக்குழாயைத் திறக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலர் கொடுத்தார். பத்து நிமிடத்தில் சரியானது. அவளுடைய கார்டில் மருந்து அலர்ஜி கேட்டு எழுதியிருந்தோம். வாசனை ஆகுமா, வீசிங் உண்டா என்று கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டியவள் நான்.

அன்றைக்கே அந்தக் கருவியை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். அறை முழுக்க வாசனை பரப்புவது வேண்டாம் என்பதுதான் என் முதல் பாடம். ஒருவருக்குப் பிடித்தது அடுத்தவருக்கு ஆகாது. முன்னால் வந்தவரின் வாசனை பின்னால் வருபவர் மேல் விழும். நாள் முழுக்க அதிலேயே நிற்கும் நம் நுரையீரலையும் நினைக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியைத் தினமும் கழுவிக் காயவைக்காவிட்டால் அதற்குள் கிருமி வளர்ந்து அதுவும் சேர்ந்து காற்றில் பரவும்.

அதன் பிறகு ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் கொடுக்க ஆரம்பித்தேன். பஞ்சு உருண்டையில் ஒரு சொட்டு லாவெண்டர் விட்டு, ஊசி போடுவதற்கு முன் மூக்குக்குப் பக்கத்தில் காட்டுவது. அதுதான் சுலபமாகத் தெரிந்தது.

அப்போதுதான் ஆற்காட்டுப் பக்கத்துக் கிராமத்தில் இருந்து ஒரு ஆயா வந்தார்கள். எழுபது வயதுக்கு மேல். கனமான பழைய கம்மல் போட்டுப் போட்டு இரண்டு காதும் அறுந்து, கீழ்ச்சோனை இரண்டாகப் பிளந்திருந்தது. பேத்திக்குக் கல்யாணம், அதற்குள் காது தைத்துக் கம்மல் போட வேண்டும் என்று ஆசை. மகளோடு வந்திருந்தார்கள். படுக்க வைத்து, வழக்கம்போலப் பஞ்சை எடுத்துக்கொண்டு முகத்தருகே போனேன்.

“இன்னா பாப்பா, மூக்குல பஞ்சு வெக்க வர்ற? நான் இன்னும் சாவல.”

அவர்கள் கேலியாகச் சொல்லவில்லை. கை நடுங்கியது. மகளின் முகம் மாறிவிட்டது. நம் வீடுகளில் எப்போது மூக்கில் பஞ்சு வைப்போம் என்பது எனக்குத் தெரியாதா? எத்தனை சாவு வீட்டில் பார்த்திருக்கிறேன். ஆனால் கிளினிக் உடுப்பைப் போட்டுக்கொண்டதும் அது மறந்துபோயிருந்தது. புத்தகத்தில் பஞ்சு என்று இருந்தது, நான் பஞ்சை எடுத்தேன், அவ்வளவுதான்.

பஞ்சைத் தூர வைத்துவிட்டு, அவர்களை எழுப்பி உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். அப்புறம் இடுப்பில் இருந்த சுருக்குப்பையை அவிழ்த்தார்கள். வெற்றிலை, பாக்கு, இரண்டு கிராம்பு, சுண்ணாம்பு டப்பி. பையைத் திறந்து அப்படியே முகத்தருகே வைத்து ஒரு இழுப்பு இழுத்தார்கள். தோள் இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். “வெத்தல போடக் கூடாதுன்னா போடல. வாசனையாச்சும் பாத்துக்கறேன்” என்றார்கள்.

துணி போர்த்தும் முன் நாலைந்து முறை முகரச் சொன்னேன். பிறகு பையை இறுக்கி முடிந்து, போர்வைக்குள் அவர்கள் கையிலேயே பிடித்திருக்கச் சொன்னேன். தைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வெளிப்பொருள் எதுவும் வரக் கூடாது இல்லையா. இரண்டு காதையும் மேடம் தைத்து முடிக்கும் வரை ஆயா அசையவே இல்லை. நான் வாங்கி வைத்திருந்த எந்தப் பாட்டிலும் அன்றைக்குத் தேவைப்படவில்லை.

அன்றிலிருந்து வாசனையை நான் தேர்ந்தெடுப்பதில்லை. கேட்கிறேன். “உங்களுக்கு எந்த வாசனை வந்தா வீட்டுல இருக்கற மாதிரி இருக்கும்?” இந்த ஒரு கேள்விக்கு வந்த பதில்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். லாவெண்டர் என்று சொன்னவர் இதுவரை யாரும் இல்லை. அது ஊட்டி சோப்புக் கடை வாசனை என்று ஒரு அக்கா சொன்னார். நமக்கு அந்தச் செடியோடு உறவே இல்லை. மரிக்கொழுந்து, மல்லி, எலுமிச்சைத் தோல், ஏலக்காய், காபித்தூள், துளசி, வெட்டிவேர் போட்ட பானைத் தண்ணீர் என்று சொல்கிறார்கள். ஒரு தம்பி புதுத் துணி வாசனை என்றான். மேல்விஷாரத்தில் இருந்து வந்த ஒரு அம்மா, தன் அப்பா வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகும்போது பூசிக்கொள்ளும் அத்தர் என்றார்கள். மறுமுறை வரும்போது கைக்குட்டையில் தடவிக் கொண்டுவந்து, அதைப் பிடித்துக்கொண்டே படுத்தார்கள். சந்தனம் என்று சொல்பவர்கள் திருப்பத்தூர், ஜவ்வாது மலை பக்கத்துக்காரர்களில் அதிகம். சந்தன மரம் அங்கே சொந்தக்கார மரம் மாதிரி.

கேட்பதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. எது ஆகாது என்பதும் அப்போதே தெரிந்துவிடும். ஒருமுறை நல்ல எண்ணத்தில் பன்னீர் தெளித்த கைக்குட்டையைக் குடியாத்தத்தில் இருந்து வந்த ஒரு அண்ணனிடம் கொடுத்தேன். வாங்கி முகர்ந்ததும் அவருடைய கண் கலங்கிவிட்டது. அப்பா இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லையாம். ரோஜா மாலை, பன்னீர், ஊதுவத்தி எல்லாம் சேர்ந்த வாசனை யாருக்கு எதை நினைவுபடுத்தும் என்று நம்மால் எப்படிச் சொல்ல முடியும்? கல்யாண வீட்டிலும் அதே பன்னீர்தான். அன்றைக்கு மரு எடுப்பதை ஒத்தி வைத்துவிட்டு அவரை அனுப்பினோம். மரு எங்கேயும் போய்விடாது.

கொரோனாவுக்குப் பிறகு இன்னொன்றும் கவனித்தேன். சிலருக்கு மோப்பம் முழுதாகத் திரும்பவில்லை. சிலருக்குத் திரும்பியும் தாறுமாறாக வருகிறது. காபி அழுகல் வாடையாக அடிக்கிறது என்பார்கள், வெங்காயத் தாளிப்பு குமட்டுகிறது என்பார்கள். அவர்களிடம் வாசனை பக்கமே போவதில்லை. கைக்குள் ஒரு துணி உருண்டையைக் கொடுத்து அழுத்தச் சொல்லிப் பேச்சுக் கொடுப்பதுதான் அவர்களுக்குச் சரியாக வருகிறது.

இப்போது நடைமுறை எப்படி என்று சொல்கிறேன். காது தைக்க வருபவரையே எடுத்துக்கொள்வோம். முதல் நாள் ஆலோசனைக்கு வரும்போதே ஆரம்பித்துவிடுகிறேன். அன்றைக்கு ஊசி இல்லை, பயம் இல்லை. பிடித்த வாசனையைக் கேட்டு, சுத்தமான ஒரு கைக்குட்டையில் அதை வைத்து வீட்டில் ராத்திரி தூங்கப் போகும்போது நாலைந்து நாள் முகரச் சொல்கிறேன். அமைதியாக இருக்கும் நேரத்தோடு அந்த வாசனை ஒட்டிக்கொள்ள வேண்டும். பயம் வந்த பிறகு முதல் முறையாகக் கொடுத்தால் பயத்தோடுதான் ஒட்டிக்கொள்ளும். வாந்தி எடுத்த அன்று முகர்ந்த வாசனை ஆயுசுக்கும் பிடிக்காமல் போவது இல்லையா, அதே கதைதான்.

சிகிச்சை அன்று சாப்பிட்டுவிட்டு வரச் சொல்கிறேன். அழகு சிகிச்சை என்றாலே வெறும் வயிற்றோடு வருபவர்கள் நிறைய, அவர்கள்தான் மயங்கி விழுவார்கள். படுத்த பிறகு கைக்குட்டையை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். நான் பிடிப்பதில்லை. வேண்டும்போது முகரலாம், வேண்டாம் என்றால் தள்ளி வைக்கலாம் என்பதே பாதி தைரியத்தைக் கொடுத்துவிடுகிறது. மூக்கோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி. நாலு எண்ணும் வரை மூச்சை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே. வெளியே விடுவது நீளமாக இருந்தால்தான் நெஞ்சுப் படபடப்பு இறங்கும். உண்மையைச் சொன்னால், வாசனை கொடுக்கும் அமைதியில் பெரும் பங்கு இந்த மூச்சுக்குத்தான் என்பது என் அனுபவம். ‘ஆழமா மூச்சு விடுங்க’ என்று சும்மா சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள். பிடித்த வாசனை இருந்தால் சொல்லாமலே செய்வார்கள்.

தொடர்ந்து முகரவும் விடுவதில்லை. சில நிமிடத்திலேயே மூக்கு பழகிப்போய் வாசனை தெரியாமல் போய்விடும். ஊசிக்கு முன் ஒரு முறை, சத்தமோ கரிந்த வாடையோ வரும் கட்டத்துக்கு முன் ஒரு முறை, நடுவில் எடுத்து மூடி வைத்துவிட வேண்டும்.

மரத்துப்போகும் ஊசியைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்தோடு அட்ரினலின் சேர்த்திருந்தால் சிலருக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கும். அவர்கள் அதைத் தங்கள் பயம் என்று நினைத்து இன்னும் பயப்படுவார்கள். “இது மருந்தோட வேலை, கொஞ்ச நேரத்துல அடங்கிடும்” என்று முன்கூட்டியே சொன்னால் எந்த வாசனையையும்விட அது நன்றாக வேலை செய்கிறது. அந்த மருந்து அமிலத் தன்மை உள்ளது, அதனால்தான் எரிகிறது. சோடியம் பைகார்பனேட் கலந்து மெதுவாகப் போட்டால் எரிச்சல் குறையும். மேல்பூச்சாகப் போடும் மரப்புக் களிம்பை 45 நிமிடம், ஒரு மணி நேரம் மூடி வைத்திருக்க வேண்டும். கூட்டம் அதிகம் என்று இருபது நிமிடத்தில் துடைத்தால் வலிக்கத்தான் செய்யும். வாசனை கொடுக்கிறோம் என்பதற்காக இவற்றில் ஒரு துளியும் குறைக்கக் கூடாது. வலியை நிறுத்துவது மருந்து. வாசனை வலிக்கான மருந்தல்ல. ஆராய்ச்சிகளும் பெரும்பாலும் பதற்றம் குறைவதைத்தான் சொல்கின்றன, அவற்றிலும் நிறைய சிறியவை. முகர்கிற ஆளுக்கு என்ன முகர்கிறோம் என்று தெரிந்துவிடுவதால், எதிர்பார்ப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதும் கஷ்டம்.

குமட்டலுக்கு மட்டும் ஒன்று நிச்சயமாகக் கை கொடுக்கிறது. ஊசி போடும் முன் தோலைத் துடைக்கும் ஆல்கஹால் ஸ்வாப் இருக்கிறதே, அதைப் பிரித்து முகரக் கொடுத்தால் குமட்டல் பலருக்குச் சீக்கிரம் குறைகிறது. ஆஸ்பத்திரிகளில் சோதித்துப் பார்த்தே சொல்லியிருக்கிறார்கள். மயக்கம் வருகிறது, கண் இருட்டுகிறது என்றால் மட்டும் எந்த வாசனையும் காட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. உடனே தலையணையை எடுத்துவிட்டுத் தட்டையாகப் படுக்க வைத்து, காலை உயர்த்திப் பிடிக்க வேண்டும்.

இனிமேல் சொல்வதை ரொம்பக் கவனமாகப் படியுங்கள்.

இந்த எண்ணெய்கள் தீப்பிடிக்கும். சுடும் கருவி வேலை செய்யும் இடத்தில் எண்ணெய் நனைந்த துணி, திறந்த பாட்டில், ஸ்பிரிட் பஞ்சு எதுவும் இருக்கக் கூடாது. முகத்தில் சுடும் வேலை என்றால் முன்னதாகவே முகர்ந்துவிட்டு, கைக்குட்டையை டப்பாவில் போட்டு மூடி அறைக்கு வெளியே வைத்துவிடுகிறேன். ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருந்தால் முழுதாகக் காயும் வரை கருவியைத் தொடுவதில்லை.

கரிந்த வாடையை வாசனை போட்டு மூடி மறைக்கவும் கூடாது. நானே ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். அந்தப் புகையில் பென்சீன் போன்ற நச்சுப் பொருள்கள் உண்டு, வைரஸ் மருவைச் சுட்டால் வைரஸின் துணுக்குகளும் வரலாம். அதை உறிஞ்சி எடுக்கும் குழாயைத் தோலுக்குப் பக்கத்திலேயே பிடிக்க வேண்டும், நல்ல மாஸ்க்கும் போட வேண்டும். உறிஞ்சு குழாய் வாங்கிய பிறகு எங்கள் அறையில் பாதி பிரச்சினை தானாகவே தீர்ந்தது. கையில் பணம் இருந்தால் முதலில் அதை வாங்குங்கள், எண்ணெய்ப் பாட்டிலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சிகிச்சை செய்யும் தோலில் எந்த எண்ணெயும் படக் கூடாது. பிழிந்தெடுத்த எலுமிச்சை எண்ணெய், எலுமிச்சை இனத்துப் பெர்கமாட் பழத்தின் எண்ணெய் பூசிய தோலில் வெயில் பட்டால் கொப்பளித்துக் கருத்துவிடும். நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. லேசர் செய்த தோலில் கேட்கவே வேண்டாம். எலுமிச்சை வாசனை வேண்டும் என்பவருக்கு ஒரு பழத்தைக் கழுவிக் கையில் கொடுத்து, தோலை நகத்தால் கீறி முகரச் சொல்கிறேன். பிறகு கையைக் கழுவ வைத்துவிடுகிறேன்.

வீசிங், ஒற்றைத் தலைவலி, வாசனைக்குத் தும்மல் வருபவர்கள், மசக்கையில் இருப்பவர்கள் இவர்களுக்கெல்லாம் வேண்டாம். வலிப்பு உள்ளவர்களிடம் கற்பூரம், நீலகிரித் தைலம், ரோஸ்மேரி போகவே கூடாது. கைக்குழந்தைகளுக்குக் காது குத்த வருகிறார்கள், அவர்கள் முகத்தருகே எந்தத் தைலமும் கூடாது, மூச்சுக்கே ஆபத்தாகலாம். குழந்தைக்கு அம்மாவின் வாசனையைவிட வேறென்ன வேண்டும்? மடியில் வைத்துப் பால் கொடுத்துக்கொண்டே குத்தினால் அழுகை பாதியாகக் குறைகிறது.

எண்ணெய் வாங்குவதைப் பற்றிச் சுருக்கமாக. வாசனை பரப்பும் கருவிக்கு என்று மலிவாக விற்கும் ‘வாசனை எண்ணெய்’ பெரும்பாலும் செயற்கை செண்ட். பாட்டிலில் செடியின் முழுப் பெயர் இருக்க வேண்டும், லாவெண்டர் என்றால் லாவண்டுலா அங்கஸ்டிஃபோலியா என்று. கருப்பு அல்லது பழுப்புக் கண்ணாடிப் பாட்டில், சின்ன அளவு. திறந்து வைத்துக் காற்றுப் பட்ட லாவெண்டர் எண்ணெய் கெட்டுப்போய்த் தோல் அலர்ஜியைக் கொண்டுவரும். திறந்த தேதியை மேலே எழுதி, குளிர்ந்த இடத்தில் வைத்து, பழசானதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். சந்தன எண்ணெய் மலிவாகக் கிடைத்தால் அது சந்தன எண்ணெய் இல்லை.

ஆனால் இப்போது என் டிராயரில் பாட்டில்கள் குறைவு. ஏலக்காய், கிராம்பு, காபித்தூள், காய்ந்த வெட்டிவேர் ஆகியவற்றைச் சின்னச் சின்ன மூடி போட்ட டப்பாவில் வைத்திருக்கிறேன். வெட்டிவேர் லாங் பஜார் நாட்டு மருந்துக் கடையில் வாங்கியது. மரிக்கொழுந்து வேண்டும் என்பவர்களை வரும்போது ஒரு கொத்து வாங்கி வரச் சொல்கிறேன். இதற்கெல்லாம் தனியாகக் காசு வாங்குவதும் இல்லை. வாசனைச் சிகிச்சை என்று பில்லில் போடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். மேடம் வேண்டாம் என்றுவிட்டார். எனக்கு அது பெரிய நிம்மதி. காசு வாங்கினால் அது வேலை செய்தே ஆக வேண்டும் என்றாகிவிடும், நோயாளி வேண்டாம் என்று சொல்லவும் கூச்சப்படுவார்.

ஆண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்கள் பயத்தை வாயால் சொல்லவே மாட்டார்கள். ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் ஒரு தம்பி பருத் தழும்புக்கு வருகிறான். தழும்புக்கு அடியில் ஊசியை விட்டு, அதை உள்ளே இழுத்துப் பிடித்திருக்கும் நார்களை அறுத்துவிடும் வேலை அது. முதல் சிட்டிங்கில் மேசையின் ஓரத்தைப் பிடித்த பிடியில் அவன் விரல் வெளுத்துவிட்டது. கேட்டால் “ஒண்ணுமில்லக்கா” என்றான். என்ன வாசனை பிடிக்கும் என்று கேட்டபோது ரொம்ப நேரம் யோசித்தான். நாள் முழுக்கத் தோல் வாடையிலும் பசை வாடையிலும் நிற்பவன். “மொத மழ பேஞ்சா வருமே, அது மாதிரி எதுனா கீதாக்கா?” என்றான்.

அதை எங்கே போய் வாங்குவது என்று அன்றைக்குத் தெரியவில்லை. மேல்விஷாரத்து அம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கும்போது, மண்ணைச் சுட்டு அதிலிருந்து வடிக்கும் அத்தர் ஒன்று உண்டு, வடக்கே கன்னோஜில் செய்கிறார்கள் என்று சொன்னார்கள். தெரிந்த அத்தர் கடையில் சொல்லி ஒரு சின்னக் குப்பி வரவழைத்தும் கொடுத்தார்கள். நேற்று சாயந்திரம் கைக்குட்டையில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்தேன். எங்கள் ஊரில் வெயில் காய்ந்த தரையில் முதல் சொட்டு விழுமே, அப்படியே இருந்தது. வியாழக்கிழமை அவனுக்கு இரண்டாவது சிட்டிங். கொஞ்சம் முன்னதாக வரச் சொல்லிப் போன் செய்திருக்கிறேன்.